அரசுத் தரப்பு மூன்றாம் சாட்சி

ஏட்டு பைக்கை நிறுத்திவிட்டு வந்தபோது புவனா களத்தில் தேங்காய்ப் பருப்பைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"புவனா, கணவர் பேரு மிதுன். நீங்கதானுங்களா?"

ஆமாம் என்றாள். அவர் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். மேலே 'சாட்சி அழைப்பாணை' என்றும், அதற்குக் கீழே வழக்கு எண்ணும், 'எதிரி: நிதீஷ்' என்றும் அச்சாகியிருந்தது. நிதீஷ் அவளுடைய கொழுந்தன். அவன் சட்டைகள் பக்கத்துக் கொடியில் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

மாமியார் ராசாத்தாள் சமையலறை வாசலுக்கு வந்து, "ஏனுங்க, வாரண்டுங்களா?" என்று பதறினாள்.

"வாரண்டு இல்லீங்கம்மா, சம்மன். சம்மன்னா சாட்சி சொல்ல வாங்கன்னு கூப்புடறது. கூப்பிட்டும் வராமப் போனாத்தான் வாரண்டு" என்று ஏட்டு சிரித்தார்.

புவனா கையெழுத்துப் போட்டாள். பேனா இரண்டு இடத்தில் வழுக்கியது.

மாமனார் திருமூர்த்தி வாழைத்தோப்பிலிருந்து வந்தார். ஏட்டுக்கு மோர் கொடுக்கச் சொன்னார், வாசல் வரை போய் வழியனுப்பினார். திரும்பி வந்து தாளைக் கேட்டு வாங்கிப் படித்தார். அவர் எப்போதும் மெதுவாகத்தான் படிப்பார். படித்து முடித்து அதை அவளிடமே கொடுத்தார்.

"பத்தரமா வெச்சுக்க கண்ணு. ஒரு நாளைக்கு வக்கீலப் போய்ப் பார்த்துட்டு வந்தரலாம். நீ ஒண்ணும் பயப்படாதே."

அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் புவனாவுக்குப் பயம் வந்தது.

அன்னூருக்குத் தெற்கே இருக்கும் அந்தத் தோட்டத்தில் யாரும் சத்தம் போட்டு அவள் கேட்டதில்லை. சென்னிமலையிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் அது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மாமனார் வேலையாட்களைக்கூட வாங்க போங்க என்றுதான் சொல்வார். ஆனால் அவர் ஒரு முறை சொன்னதை இரண்டாம் முறை யாரும் சொல்லவைக்கக் கூடாது. அதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. கணவன் மிதுன் அப்பா எதிரில் நிற்கும்போது கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்பதைப் பார்த்துத் தானாகப் புரிந்துகொண்டாள்.

தோட்டத்தின் வடக்கு ஓரமாக ஒரு வண்டித்தடம் போகிறது. அதன் முடிவில் வேலனும் அவர் மனைவி பாவாத்தாளும் கொஞ்சம் இடம் வாங்கி வீடு கட்டியிருந்தார்கள். இருவரும் முன்பு இதே தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்கள். வேலன் பிறகு கட்டட மேஸ்திரி ஆகிவிட்டார். அவர் வீடு கட்டியதும் திருமூர்த்தி தடத்தின் வாயில் கம்பிவேலி போட்டார். வேலன் சிவில் கோர்ட்டுக்குப் போனார். அந்த வழக்கில் வேலன் வாதி, திருமூர்த்தி பிரதிவாதி. வேலியை எடுக்க வேண்டும், வழக்கு முடியும்வரை தடத்தை அடைக்கக் கூடாது என்று கோர்ட் இடைக்காலத் தடை போட்டது.

தடை உத்தரவு வந்த மறுநாள் காலையில் புவனா மோட்டார் ரூமில் சுவிட்சைப் போடப் போயிருந்தாள். ஜன்னலுக்கு நேர் எதிரே தடம். வேலன் கம்பியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நிதீஷ் வந்தான். இரண்டு வார்த்தைதான் பேசினான். பிறகு வரப்பில் கிடந்த மம்முட்டியை எடுத்தான். வேலன் குனிந்திருந்தார். நிதீஷ் மம்முட்டியின் வெட்டுமுனை மேலே பார்க்கத் திருப்பிப் பிடித்து, கனமான பின்பக்கத்தால் அவர் தலையில் அடித்தான். விழுந்தவரை இன்னொரு முறை அடித்தான்.

அவளுக்கு அப்போது யோசனையே வரவில்லை. போனை எடுத்து நூற்றியெட்டை அழைத்தாள். "அடிச்சுப்போட்டாங்க, தலையில அடிச்சுப்போட்டாங்க, சீக்கிரம் வாங்க" என்று கத்தினாள். ஓடிப்போய்ச் சேலைத் தலைப்பை வேலனின் தலையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை மண்ணில் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் வந்த பெண் எஸ்.ஐ. நூற்றியெட்டை அழைத்த போன் நம்பரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிட்டார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். நகக்கண்ணில் ரத்தம் அப்போதும் இருந்தது.

வேலன் பிழைத்துக்கொண்டார். இடது கை மட்டும் தூக்க வராமல் போய்விட்டது. நிதீஷ் மீது கொலை முயற்சி வழக்குப் பதிவானது. சில வாரம் சிறையில் இருந்து ஜாமீனில் வந்தான். வந்த அன்று சாப்பிட உட்கார்ந்து, "அண்ணி, இன்னொரு தோசை போடுங்க" என்றான். போட்டாள். அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக அந்த நாளைப் பற்றி அந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் மோட்டார் ரூமுக்குப் போகும்போதெல்லாம் நிதீஷ் எங்கிருந்தாவது வந்து வாசலில் நிற்பான். போனைப் பார்த்தபடி நிற்பான். அவள் வெளியே வர வழிவிட்டு நகர்வான். அதைக் குற்றம் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

நிதீஷின் வக்கீல் அரங்கசாமியின் அலுவலகம் கோவை கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் மாடியில் இருந்தது. மாமனார் அவளைக் கூட்டிப்போனார். மிதுன் கோவை கணபதிப் பகுதியில் பம்ப்செட் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டான்.

அரங்கசாமி எழுந்து நின்று வரவேற்றார். "வாங்க அம்மணி, உக்காருங்க. காப்பி சாப்புடறீங்களா?"

வேண்டாம் என்றாள். அவர் ரொம்பப் பொறுமையாக விளக்கினார். கிரிமினல் வழக்கில் வழக்கு நடத்துவது அரசு. போலீஸ் சேர்த்த சாட்சிகள் அரசுத் தரப்புச் சாட்சிகள். முதல் சாட்சி வேலன், இரண்டாவது பாவாத்தாள், மூன்றாவது அவள். முதலில் அரசு வக்கீல் கேட்பார், அது முதல் விசாரணை. பிறகு அரங்கசாமி கேட்பார், அது குறுக்கு விசாரணை.

"போலீஸ்ல நீங்க சொன்னதுக்குக் கையெழுத்து வாங்கியிருக்க மாட்டாங்க. சட்டத்துல அதுக்குக் கையெழுத்து கெடையாது. அதனால, நான் அப்படிச் சொல்லவே இல்லைன்னு நீங்க கோர்ட்ல சொல்லலாம். மோட்டார் ரூமுக்குள்ள இருந்தேன். சத்தம் கேட்டுது. வெளிய வந்தேன். வேலன் வாய்க்கால் கல்லுல விழுந்து கெடந்தார். இவ்வளவுதாங்க. எங்க, ஒருக்கா சொல்லுங்க பார்க்கலாம்."

புவனா சொன்னாள். பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல இருந்தது.

"அப்படிச் சொன்னா அரசு வக்கீல் உங்களைப் பிறழ் சாட்சின்னு அறிவிக்கச் சொல்லிக் கேட்பார். பயந்துக்காதீங்க. அது கெட்ட வார்த்தை இல்லை. அரசுத் தரப்புக்கு ஒத்து வராத சாட்சின்னு அர்த்தம். தெனமும் நாலு பேரு பிறழ்றாங்க."

"பொய்ச்சாட்சின்னு சொல்றது அதைத்தானுங்களா?"

அரங்கசாமியின் கை பேப்பர் வெயிட்டின் மேல் நின்றது. அவர் திருமூர்த்தியைப் பார்த்தார்.

"அது வேறங்க அம்மணி" என்றார். என்ன வேறு என்று சொல்லவில்லை.

திரும்பும்போது காரில் மாமனார் வழக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய அப்பாவின் தறிக்கூடத்தில் வேலை எப்படி நடக்கிறது, தம்பிக்குப் பெண் பார்க்கிறார்களா என்று விசாரித்தார். அன்னூர் பேக்கரியில் நிறுத்தி, புவனாவின் மகள் சண்முகப்பிரியாவுக்குத் தேங்காய் பன் வாங்கினார்.

புவனா அதற்குப் பிறகு சரியாகத் தூங்கவில்லை. மிதுனிடம் ஒரு தடவை கேட்டாள்.

"நா என்ன சொல்லட்டுமுங்க?"

அவன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி, "வக்கீல் சொன்னதச் சொல்லிப்போடு புவனா" என்றான். பிறகு, "எனக்கு என்ன தெரியும்?" என்றான். அவள் முகத்தைப் பார்க்காமல் வேலைக்குப் போனான்.

விசாரணைக்கு முந்தின நாள் மதியம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தபோது கார் தோட்டத்து கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. பின் கண்ணாடியில் பிரியாவின் ரிப்பன் தெரிந்தது.

"பாப்பாவ எங்கீங்க மாமா கூட்டிட்டுப் போறாங்க?"

"பொள்ளாச்சிக்குத்தான் கண்ணு. என்ற தங்கச்சி பாக்கோணும் பாக்கோணும்னு சொல்லிட்டே இருந்தா. ஸ்கூலு லீவுதானே." திருமூர்த்தி நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலையைத் துடைத்தார். "நீ நாளைக்குச் சாட்சி சொல்லிப்போட்டு வா. நல்லபடியா முடிஞ்சதும் எல்லாரும் ஒட்டுக்காப் போய்க் கூட்டிட்டு வந்தரலாம்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே?"

"இப்பச் சொல்றேனில்ல?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மிரட்டல் என்று சொல்ல அதில் ஒரு எழுத்துகூட இல்லை. துணிகளை அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ராசாத்தாள் வந்து, "என்ன அம்மணி, மயக்கமா?" என்று கேட்டாள். அவள் கண்ணிலும் ஏதோ ஒரு பயம் இருந்ததைப் புவனா பார்த்தாள்.

கோர்ட்டில் கூட்டமாக இருந்தது. மாமனாரும் நிதீஷும் உள்ளே போனார்கள். அரசு வக்கீல் அன்புச்செல்வி கையில் வழக்குக் கட்டோடு வேகமாக வந்தார். சாட்சி சொல்லும்வரை சாட்சிகள் உள்ளே இருக்கக் கூடாது, கூப்பிடும்போது வந்தால் போதும் என்று சொல்லி அவளை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்தார். மிதுன் தூணோரமாக நின்றான். எதிர்ப் பெஞ்சில் வேலனும் பாவாத்தாளும் இருந்தார்கள். வேலனின் இடது கை மடியில் கிடந்தது. புவனா அவரைப் பார்த்தாள். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

டவாலி வேலனின் பெயரை மூன்று தரம் கூவினார். வேலன் போனார். கொஞ்ச நேரம் கழித்துப் பாவாத்தாள் போனாள். உள்ளே என்ன நடக்கிறதென்று புவனாவுக்குத் தெரியாது. ஃபேன் சத்தமும் டைப் அடிக்கும் சத்தமும் மட்டும் கேட்டன. அவள் வாய்க்குள் வாக்கியங்களை ஒப்பித்துக்கொண்டே இருந்தாள். மோட்டார் ரூமுக்குள்ள இருந்தேன். சத்தம் கேட்டுது. வெளிய வந்தேன். அதைச் சொல்லிவிடத்தான் போகிறாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பிள்ளை பொள்ளாச்சியில் இருக்கிறாள்.

"புவனா! புவனா! புவனா!"

கூண்டு அவள் நினைத்ததைவிடச் சின்னது. இடுப்பளவு மரச்சட்டம்தான். சொல்வதெல்லாம் உண்மை, உண்மையைத் தவிர வேறில்லை என்று சொல்லவைத்தார்கள். நீதிபதி வயதானவர். கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

அன்புச்செல்வி கேட்டார். "எதிரியைத் தெரியுமா?"

அவள் ஒரு கணம் விழித்தாள். கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்றுதான் சொல்வார்கள் என்று அரங்கசாமி சொல்லியிருந்தார். இருந்தாலும் அந்தச் சொல் அவளை உலுக்கியது. எதிர்ப்பக்கம் நிதீஷ் கைகட்டி நின்றான்.

"தெரியுமுங்க. என்ற கொழுந்தனாருங்க."

"சம்பவத்தன்னிக்குக் காலையில எங்கே இருந்தீங்க?"

"மோட்டார் ரூமுக்குள்ள இருந்தேனுங்க."

"அப்புறம்?"

அப்புறம்தான் இல்லை. அடுத்த வாக்கியம் எங்கேயோ போய்விட்டது. அவள் தேடினாள். டைப் அடிப்பவர் விரலை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அரங்கசாமி தொண்டையைச் செருமினார். ஏதாவது ஒரு சொல் கிடைத்தால் போதும், பிடித்துக்கொண்டு மற்றதைச் சொல்லிவிடலாம். ஒன்றும் கிடைக்கவில்லை. பயம் எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துவிட்டிருந்தது. கண்ணுக்கு முன்னால் ஜன்னல் மட்டும் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே தடம்.

"தண்ணி வேணுமாம்மா?" என்றார் நீதிபதி.

"மம்முட்டியத் திருப்பிப் புடிச்சு அடிச்சாருங்க" என்றாள்.

தன் குரலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். ஆனால் அதற்குப் பிறகு எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. வேலன் குனிந்திருந்தது, கம்பி அவர் கையில் சுற்றியிருந்தது, விழுந்த பிறகு இன்னொரு அடி, எல்லாம் வரிசையாக வந்தன. நீதிபதி சொல்லச் சொல்ல டைப் விழுந்தது. அவள் நிறுத்திப் பார்த்தாள், நிற்கவில்லை. நடுவில் அழ ஆரம்பித்து அழுதுகொண்டே சொன்னாள்.

அரங்கசாமி எழுந்தார். அவர் முகத்தில் அன்றைய கனிவு துளியும் இல்லை.

"சொத்தைப் பிரிச்சுக் கொடுக்கச் சொல்லி உங்க மாமனார்கிட்டத் தகராறு பண்ணுனீங்க. அவர் மறுத்தார். அந்தக் கோபத்துலதான் எதிரி மேல பழி போடறீங்க என்று சொல்கிறேன்."

"இல்லீங்க. நா ஒருக்காலும் கேட்டதில்லீங்க."

நீதிபதி அவளுடைய மறுப்பைக் கோர்ட் வழக்கப்படி டைப் அடிப்பவரிடம், "என்று சொன்னால் சரியல்ல" என்று சொல்லி எழுதவைத்தார்.

"எதிரியோட உங்களுக்குத் தவறான பழக்கம் இருந்து, அது முறிஞ்சதால…"

அன்புச்செல்வி ஆட்சேபித்தார். நீதிபதி அந்தக் கேள்வியை அனுமதிக்கவில்லை. அதற்குள் அது அவள்மேல் விழுந்துவிட்டது. நாற்காலி வரிசையில் சிலர் திரும்பி அவளைப் பார்த்தார்கள். உடம்பு கூசியது.

"நீங்க பொய்ச்சாட்சி சொல்றீங்க என்று சொல்கிறேன்."

"இல்லீங்க."

"என்று சொன்னால் சரியல்ல" என்றார் நீதிபதி.

வெளியே வந்ததும் பாவாத்தாள் அவள் கையைப் பிடித்து வராந்தாவின் கோடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏனுங்க அம்மணி, ஏனுங்க சொன்னீங்க?"

புவனாவுக்குப் புரியவில்லை. "நா பார்த்ததத்தானக்கா…"

"நாங்க விழுந்து அடிபட்டுதுன்னு சொல்லிப்போட்டமுங்க. அவரும் அப்படித்தான் சொன்னாரு, நானும் அப்படித்தான் சொன்னேன். எங்களைப் பிறழ் சாட்சின்னு எழுதிக்கிட்டாங்க." குரல் உடைந்தது. "இந்தக் கேசுல கோர்ட்டுக்கு வெளிய ராஜி பண்ண முடியாதாமுங்க. சாட்சியெல்லாம் மாத்திச் சொன்னாத்தான் கேசு நிக்காதாம். அப்படிச் சொல்லிட்டா தடத்த எழுதிக் குடுத்தர்றேன்னு பெரியவரு சொல்லியிருந்தாருங்க. இனி எழுதிக் குடுப்பாருங்களா?"

புவனாவுக்கு இதை யாரும் சொல்லியிருக்கவில்லை. வீட்டு மருமகளிடம் சொல்ல வேண்டிய விஷயமென்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அவள் சுவரில் சாய்ந்தாள். யாருக்காக வாய் திறந்தாளோ அவர்களையே கெடுத்துவிட்டாளா? தூரத்தில் வேலன் தலையைக் குனிந்து நின்றார். பாவாத்தாள் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, வேறெதுவும் சொல்லாமல் அவரிடம் போய்விட்டாள்.

படிக்குக் கீழே மாமனாரின் கார் நின்றது. திருமூர்த்தி பின் கதவைத் தானே திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். முன் சீட்டில் நிதீஷ் உட்கார்ந்திருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏறு கண்ணு. ஊட்டுக்குப் போலாம்."

அதே குரல்தான். கோபத்தின் சாயல்கூட இல்லை. புவனா கடைசிப் படியிலேயே நின்றாள்.

"பாப்பா…" என்றாள்.

"பாப்பாவுக்கு என்ன? அவ பாட்டுக்கு இருக்கறா. ஏறு."

காரை ஓட்டிவந்தது மிதுன். சாவி அவன் கையில் இருந்தது. அவன் அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு இரண்டடி முன்னால் வந்து அதை அப்பாவின் கையில் வைத்தான்.

"நாங்க பஸ்ஸுல வாரோமுங்கப்பா."

திருமூர்த்தி மகனை நிமிர்ந்து பார்த்தார். மிதுனுக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. அவன் புவனாவின் முழங்கையைப் பிடித்துத் திருப்பி, ரோட்டில் வந்த ஆட்டோவை நிறுத்தினான். "உக்கடம் பஸ் ஸ்டாண்டு" என்றான்.

பொள்ளாச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். வெள்ளைக் கார் ஒவ்வொன்றும் நெஞ்சில் இடித்துவிட்டுப் போனது. கிணத்துக்கடவு நெருங்கும்போது அப்படி ஒன்று பஸ்ஸை முந்தியது. உள்ளே யாரென்று தெரியவில்லை. மிதுனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. 'அப்பா' என்று வந்தது. அவன் போனை அணைத்துவிட்டான்.

"உங்கப்பா பாப்பாவ ஒண்ணும் பண்ண மாட்டாருங்கல்ல?"

மிதுன் அணைத்த போனைச் சட்டைப்பையில் போட்டான்.

"தெரியல புவனா" என்றான். "நா இத்தன வருஷமா அவரப் பாத்துப் பயந்துட்டிருக்கறேன். எதுக்குன்னு எனக்கே தெரியாது. ஒரு நாளு என்னெ அடிச்சதில்ல."

அத்தை வீட்டு கேட்டில் தாழ்ப்பாள் போட்டிருந்தது. வாசலில் கார் எதுவும் இல்லை. உள்ளே டிவி ஓடும் சத்தம் கேட்டது. அத்தை கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள், தாழைத் திறக்கவில்லை.

"அண்ணன் இப்பத்தான் போன் பண்ணுச்சு. வந்துட்டே இருக்குதாமா. அவரு வந்ததும் எல்லாரும் போவீங்களாம். கைகால் கழுவிச் சாப்புட்டுட்டு இருக்கறதானா, திறக்கறேன்."

"சாப்பாடு வேண்டாமுங்கத்தெ. பாப்பாவ அனுப்புங்க" என்றான் மிதுன்.

"இருப்பா. தான் வர்ற வரைக்கும் அனுப்ப வேண்டாம்னு அண்ணன் சொல்லுச்சு…"

"என்ற புள்ளையக் குடுங்க!"

தெருவில் போன இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மிதுன் அப்படிக் கத்திப் புவனா கேட்டதில்லை. உள்ளே பிரியா மிரண்டு அழ ஆரம்பித்தாள். அத்தை தெருவைப் பார்த்தாள், பிறகு மெல்லத் தாழை நீக்கினாள். புவனா ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். ஒரு செருப்பு உள்ளேயே கிடந்தது. அதை எடுக்க அவள் நிற்கவில்லை.

கோவை பஸ் நிற்கும் பக்கம் போகப் பயமாக இருந்தது. முதலில் புறப்பட்ட திருப்பூர் பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து மாறி, பொழுது சாயும் நேரத்தில் சென்னிமலைக்கு வந்து சேர்ந்தார்கள். அம்மா வாசலில் வந்து நின்று மூவரையும் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

அன்றைக்கு யாரும் துரத்தி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. புவனாவுக்கு அதுதான் தாங்க முடியவில்லை. பைக் சத்தம் கேட்டால் உள்ளறைக்குப் போய்விடுவாள். பிரியாவைக் கண்ணைவிட்டு நகர விடமாட்டாள். அன்புச்செல்விக்குப் போன் செய்தாள். அவர் வரச்சொல்லி, சாட்சிப் பாதுகாப்புக் கேட்டு மனு எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு போலீஸ்காரர் அவ்வப்போது வந்து விசாரித்துவிட்டுப் போனார். மிதுன் கணபதியில் வாடகைக்கு மாடி வீடு பிடித்தான்.

திருமூர்த்தி தடத்தை இனி எழுதிக் கொடுக்க மாட்டார் என்று தெரிந்த பிறகு வேலனுக்கு இழக்க ஒன்றும் இருக்கவில்லை. அன்புச்செல்வி அவரை மறுபடி விசாரிக்க மனுப் போட்டார். வேலன் இரண்டாம் முறை கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்னார். அன்றைக்கு ஏன் மாற்றிச் சொன்னாய் என்று அரங்கசாமி துருவினார். "பயமுங்க" என்று மட்டும் சொன்னாராம்.

தீர்ப்பு வர மாதங்கள் ஆயின. புவனா போகவில்லை. அன்புச்செல்விதான் போனில் சொன்னார். கொலை செய்யும் நோக்கம் நிரூபணமாகவில்லை. ஆயுதத்தால் கொடுங்காயம் ஏற்படுத்திய குற்றம் நிரூபணமானது. மூன்று வருஷம் தண்டனை. மற்ற இருவரும் முன்னுக்குப்பின் முரணாகச் சொல்லியிருந்தாலும், மூன்றாம் சாட்சி தன் சொந்தக் குடும்பத்துக்கு எதிராகப் பொய் சொல்லக் காரணம் எதுவுமில்லை என்று நீதிபதி எழுதியிருந்தார். நிதீஷ் மேல்முறையீடு செய்தான். தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கொடுத்தார்கள். அவன் மறுபடி வெளியே வந்துவிட்டான் என்று கேட்டதும் அவள் ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தினாள்.

சிவில் வழக்கு இன்னும் நடக்கிறது. இடைக்காலத் தடை இருப்பதால் தடத்தை யாரும் அடைக்கவில்லை. பாவாத்தாள் ஒரே ஒரு முறை போன் செய்தாள். "நல்லா இருக்கறீங்களா அம்மணி?" என்று கேட்டாள். பிறகு மழை பெய்ததா என்று பேசிவிட்டு வைத்தார்கள்.

ஒரு நாள் நண்பகலில் மிதுன் வேலைக்கும் பிரியா பள்ளிக்கும் போயிருந்தார்கள். யாரோ கதவைத் தட்டினார்கள். கொரியர் என்று நினைத்துத் திறந்துவிட்டாள்.

திருமூர்த்தி தனியாக நின்றார். கையில் ஒரு மஞ்சள்பை. உள்ளே மாம்பழம் தெரிந்தது. ஆள் இளைத்திருந்தார்.

"பாப்பா இல்லியா?"

"ஸ்கூலுக்குப் போயிருக்கறாளுங்க மாமா."

"ஓ. நாளு தெரியாம வந்துட்டேன்." பையைக் கதவோரம் வைத்தார். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு கண்ணு."

உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்தாள். கதவைச் சாத்தியிருக்கலாமே என்று அப்போதுதான் தோன்றியது. சொம்பை நீட்டினாள். தண்ணீர் தளும்பி அவர் வேட்டியில் சிந்தியது. கையை நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. அவர் அந்தக் கையையே பார்த்தார்.

"என்னெப் பாத்தாப் பயமா இருக்குதா கண்ணு?"

இல்லீங்க மாமா என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"ஆமாங்க மாமா."

அவர் சொம்பை வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. அண்ணாந்து ஊற்றுவதற்குக் கையைத் தூக்கியவர் அப்படியே இறக்கிவிட்டார். சொம்பை வாசற்படியில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து மாடிப்படி இறங்கினார்.

அவள் கதவைச் சாத்தி இரண்டு தாழ்ப்பாளையும் போட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவர் தெருமுனையில் பஸ்ஸுக்காக நின்றிருந்தார். பஸ் வந்தது. அவர் ஏறினாரா என்பதை அது நகர்ந்து போகும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் புவனா உள்ளே போனாள்.